வேன் மட்டும் இக்கரையில்

கல்முனையிலிருந்து இஷாவுக்குப் பிறகு புறப்பட்ட எங்கள் ஹயர் வேன், இரவு முழுக்க ஓடி, சுபஹு வெளிச்சத்தில் காங்கேசன்துறைத் துறைமுக வாசலில் நின்றது. பின்கதவைத் திறந்தால் முதலில் தெரிந்தது பன்பாய். அதற்குக் கீழே தேத்தண்ணிப் பிளாஸ்க், இடியப்பத் தட்டுகள், கறிச்சட்டி, சின்ன காஸ் சிலிண்டர், தலையணை, உம்மாவின் மருந்துப் பெட்டி. எங்கள் கரையில் தூரப் பயணம் போகிற எந்தக் குடும்பத்தின் வேனும் இப்படித்தான் இருக்கும். நிழல் கண்ட இடத்தில் நிறுத்துவோம், ஆக்குவோம், தின்போம், பாயை விரித்து உடம்பைச் சாய்ப்போம். வெள்ளைக்காரர்கள் கேரவன் என்று பெயர் வைத்துப் படுக்கையும் அடுப்பும் பூட்டி ஓட்டுவதை நாங்கள் ஒரு டொல்பின் வேனில் எத்தனையோ வருடமாகச் செய்து வருகிறோம்.

போகிற இடம் நாகூர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் பிறையில் கொடி ஏறும்போது நாகூரிலும் கொடி ஏறும். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் இரண்டு நூற்றாண்டாக எங்கள் கரையில் நடக்கும் அந்தக் கொடியேற்றத்தைப் பார்த்து வளர்ந்தவர் உம்மா. கொடியின் மூல ஊரை ஒருமுறை கண்ணால் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கினால் நாகூர் ஓர் ஓட்டோ ஓடும் தூரம்தான்.

பொதிகளை இறக்கும்போது உம்மா கேட்டார்: "ஏன் மகன், இந்த வேனையும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போகேலாதா?"

"ஏலா உம்மா" என்றார் றைவர்.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதல் காரணம் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தபோது, சுமார் நாற்பது வருடம் அறுந்து கிடந்த வடக்குக் கடல்வழி மறுபடி பிறந்தது. பருவமழைக் கடல் சில நாளிலேயே அதை நிறுத்திவிட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடுகிறது; மாரி வந்தால் நிற்கும், கடல் அடங்கினால் ஓடும். ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பயணம். இரண்டுமே ஆட்களையும் அவர்களுடைய பொதிகளையும் ஏற்றும் விரைவுக் கப்பல்கள். வாகனம் உருண்டு ஏறுவதற்கான வாயோ, நிறுத்துவதற்கான தளமோ அவற்றில் இல்லை. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடத் தொடங்கி அதே நவம்பரில் நின்றுபோன 'ஸ்கோஷியா பிரின்ஸ்' அப்படிப்பட்டதல்ல. அமெரிக்காவின் மெயினுக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையில் இருபது வருடத்துக்கு மேல் கார்களையும் கேரவன்களையும் வயிற்றில் சுமந்து திரிந்த கப்பல் அது. எங்கள் கடலில் அது ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை.

ஆசிய நெடுஞ்சாலைப் படத்தை எடுத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஏ.எச். 43 என்ற சாலை ஆக்ராவில் தொடங்கி மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு வருகிறது. பிறகு தலைமன்னாரில் எழுந்து மாத்தறை வரை போகிறது. காகிதத்தில் அது ஒரே சாலை. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான் கடந்து வாகா வழியாக வீட்டு வண்டி ஓட்டி வந்தவர்கள் அரிச்சல்முனை வட்டத்தில் வந்து நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றர் சொச்சம்.

இரண்டாவது காரணம் காகிதம். கப்பல் நாளைக்கே வந்தாலும் வாகனத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. ஆளுக்குக் கடவுச்சீட்டு இருப்பது போல வாகனத்துக்கும் ஒன்று வேண்டும். அதன் பெயர் கார்னே. பிரெஞ்சுச் சொல், சின்னக் கைநூல் என்று பொருள். 1954இல் நியூயோர்க்கில் எழுதப்பட்ட சுங்க உடன்படிக்கையின் பிள்ளை அது. அரசாங்கம் இதைக் கொடுப்பதில்லை; மோட்டார் வாகனச் சங்கம் கொடுக்கிறது. இலங்கையில் 1904இல் தொடங்கிய சிலோன் ஓட்டோமொபைல் அசோசியேஷன், இந்தியாவில் மும்பையின் மேற்கிந்திய ஓட்டோமொபைல் சங்கம் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பொறுப்பாளி உண்டு.

இந்தப் புத்தகம் எதற்காக? இலங்கைக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை விழுந்தது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1இல்தான் கதவு திறந்தது. திறந்த பிறகும், வண்டியின் விலையை விட அதன் வரி பெரிது. இப்படிப்பட்ட நாட்டுக்குள் ஒருவர் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று வண்டியைக் கொண்டுவந்து, விற்றுவிட்டு விமானத்தில் போய்விட்டால்? அந்தப் பயத்துக்கான மருந்துதான் கார்னே. வண்டி திரும்பிப் போகும், போகாவிட்டால் வரியை நாங்கள் கட்டுவோம் என்று வாகனச் சங்கம் பிணை நிற்கிறது. சங்கம் உங்களிடம் வங்கிப் பிணையோ வைப்புப் பணமோ வாங்கி வைத்துக்கொள்கிறது. அது சின்னத் தொகை அல்ல. சில நாடுகளுக்கு வண்டி விலையையே தாண்டும்.

அதன் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி முத்திரை குத்தி ஒரு துண்டைக் கிழித்து எடுப்பார். வெளியேறும்போது இன்னொரு துண்டு போகும். இரண்டு முத்திரையும் விழுந்த மூன்றாவது துண்டு புத்தகத்திலேயே இருக்கும். உங்கள் பணத்தைத் திருப்பித் தருவது அதுதான். வெளியேறும் முத்திரையை மறந்து கப்பல் ஏறிவிட்டவர்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது. வண்டி ஊருக்குத் திரும்பிவிட்டது என்று வேறு அதிகாரியிடம் சான்று வாங்கி, மாதக்கணக்கில் கடிதம் எழுதித்தான் பிணையை மீட்க வேண்டும். ஆகவே முத்திரை விழாமல் துறைமுகக் கதவைத் தாண்டக் கூடாது.

சோதனை தொடங்குவதும் இந்தப் புத்தகத்திலிருந்துதான். அதில் எழுதியிருக்கும் செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் பொறித்திருப்பதும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். நிறம், இருக்கை எண்ணிக்கை, மேலதிக டயர், வானொலிப்பெட்டி வரைக்கும் எழுதியிருப்பார்கள். இழுத்துச் செல்லும் வகைக் கேரவன் என்றால், இழுக்கும் காருக்கு ஒரு புத்தகம், கேரவனுக்கு ஒரு புத்தகம். வண்டி உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். எங்கள் ஊரில் பாதி வேன் லீசிங்கில் ஓடுகிறது. காசு கட்டி முடியும்வரை அதன் முழு உரிமையாளர் நிதிக் கம்பனிதான். அந்தக் கம்பனி சம்மதிக்காமல் வண்டி கடல் தாண்டாது. இதற்கு மேல் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம், போகிற நாட்டின் காப்புறுதி. வண்டியின் பின்னால் ஒட்ட வேண்டிய நாட்டுக் குறி நமக்கு இன்னும் 'சி.எல்.'தான், நாடு 1972இல் பெயர் மாற்றிக்கொண்டது, ஒட்டுக் குறி சிலோனிலேயே நிற்கிறது.

இவையெல்லாம் எங்கள் ஊருக்கு முற்றிலும் புதிதல்ல. சவூதியில் சாரதி வேலை பார்த்த கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 1986இல் திறந்த மன்னர் ஃபஹ்த் பாலம் 25 கிலோமீற்றர் நீளத்தில் சவூதியையும் பஹ்ரைனையும் கடலுக்கு மேலால் தொடுக்கிறது. நடுவில் ஒரு தீவு. அங்கே கடவுச்சீட்டு, வாகனப் பத்திரம், கபீலின் (வேலைக்கு அழைத்த பொறுப்பாளரின்) அனுமதி, பஹ்ரைன் காப்புறுதி எல்லாம் வரிசையாகப் பார்க்கப்படும். எந்தச் சாளரத்தில் எதை நீட்டுவது என்று அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். வரிசை நீண்டாலும் பயம் இருக்காது; அடுத்து என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும் அல்லவா.

மூன்றாவது, வண்டிக்குள் இருப்பவை. காரைச் சோதிப்பதும் கேரவனைச் சோதிப்பதும் ஒன்றல்ல. கேரவன் ஒரு வீடு. அலுமாரி, கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டி, தண்ணீர்த் தாங்கி, பற்றரி அறை, கூரையின் உள்தகடு என்று ஒளிக்க இடம் நிறைய. ஆங்கிலக் கால்வாய்க் கரையில் டோவர், கலே துறைமுகங்களில் இதற்காகவே நாய்கள் உண்டு. லொறிக்குள் மூச்சுக் காற்றை அளக்கும் குழாயும் இதயத் துடிப்பை உணரும் கருவியும் உண்டு. பிரித்தானியாவுக்குள் ஓர் ஆளை ஒளித்துக் கொண்டுவந்ததாகக் கண்டால், சாரதி அறியாமல் ஏறியிருந்தாலும் தண்டப் பணம் வரலாம். 2023 முதல் அதன் உச்சம் ஆளுக்கு 10,000 பவுண். பூட்டைச் சரிபார்த்தீர்களா, கடைசியாக நிறுத்திய இடத்தில் உள்ளே எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். அந்த லொறிகளின் இருட்டுக்குள் நம் நாட்டுப் பிள்ளைகளும் கிடந்திருக்கிறார்கள். தண்டப் பணக் கணக்கை வாசிக்கும்போது எனக்கு அவர்களுடைய முகம்தான் வருகிறது.

காஸ் சிலிண்டர் இன்னொரு கதை. பெரும்பாலான வாகனக் கப்பல்கள் கேரவனின் சமையல் காஸை அனுமதிக்கின்றன. ஆனால் அளவு உண்டு, சிலிண்டரை எழுந்து நிற்கும்படி கட்டியிருக்க வேண்டும், கப்பலில் ஏறுமுன் வாயை இறுக்க அடைத்திருக்க வேண்டும். பொதுவாகக் கப்பல் ஓடும்போது வாகனத் தளத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. வண்டிக்குள் படுத்துக்கொண்டு கடல் கடக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டு 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரை ஏற்றினால் அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை திருகிப் பார்ப்பார், பார்க்கத்தான் வேண்டும்.

இந்தியப் பக்கத்தில் பலரும் அறியாத இரண்டு கண்ணி உண்டு. சட்டலைட் தொலைபேசியை அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் கைதுவரை போகும். மலையேறுகிறவர்களும் தூரப்பயணிகளும் வைத்திருக்கும் சின்னச் சட்டலைட் செய்திக் கருவிக்கும் இது பொருந்தும். ட்ரோனும் அப்படியே. மற்றப்படி பாக்கு நீரிணையின் இரு கரை அதிகாரிகளும் தேடுவது தங்கம், போதைப்பொருள், பீடி இலை, மஞ்சள். இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய பிறகு, தூத்துக்குடிக் கரையிலிருந்தும் இராமேஸ்வரம் கரையிலிருந்தும் மூட்டை மூட்டையாக மஞ்சள் படகேறியதை ஊரே அறியும். குருவிகள் எனப்படும் கைக்கடத்தல்காரர் பறக்கிற கடலில் பைகளைத் திறந்து காட்டச் சொல்வதில் எனக்கு மனக்குறை இல்லை.

என் மனக்குறை வேறு. சோதனை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா என்று இந்தக் கடலின் கதையைப் புரட்டினால் பதில் கசக்கிறது.

1914 பெப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்ற நீராவிக் கப்பல்களும் ஓடத் தொடங்கின. போட் மெயில் என்று அதற்குப் பெயர். சென்னையில் வாங்கிய டிக்கெட்டிலேயே கொழும்புக் கோட்டைக்கு வரலாம். முதலாம் வகுப்புக்காரர் ரயிலிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து ரயிலுக்கும் மாறினார்; அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த கூலி ஆட்களையோ மண்டபத்தில் இறக்கி முகாமில் அடைத்தார்கள். அம்மை, காலரா, பிளேக் பயத்தால் நாள்கணக்கில் அங்கே வைத்துப் பார்த்து, ஊசி போட்டு, பிறகே கப்பலேற்றினார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம், இந்திய மண்ணில். நம் நாட்டின் எல்லைக் கதவு அந்நாட்டிலேயே மாட்டப்பட்டிருந்தது. இன்று டோவர் மண்ணில் பிரெஞ்சுப் பொலிஸார் கடவுச்சீட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை ஐரோப்பாவின் புதுமை என்கிறார்கள். மண்டபம் அதை எப்போதோ கண்டுவிட்டது. பின்னாளில் அதே முகாமில்தான் 1983க்குப் பிறகு கடல் கடந்து ஓடிய நம் அகதிகள் தங்கினார்கள்.

1949 நவம்பர் 1 முதல் இலங்கையின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அள்ளிக்கொண்டு போனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து 'இராமானுஜம்' ஓடியது. யுத்தம் 1984இல் அதையும் நிறுத்தியது. அந்த நாளில் காரோடு இராமேஸ்வரம் போக நினைத்தவர் மண்டபத்தில் காரை ரயில் வேகனில் ஏற்ற வேண்டியிருந்தது. பாம்பனில் வாகனப் பாலம் வந்தது 1988இல்தான். கப்பலும் சாலையும் ஒரு காலத்திலும் சந்தித்துக்கொள்ளவில்லை.

இனி எங்கள் கதை. கிழக்கில் வாகனம் ஏற்றும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதை, முன்பு கிண்ணியாவுக்கும் பாதை. வண்டி பாதையில் ஏறும், ஆட்கள் இறங்கி ஓரமாக நிற்பார்கள். வாகனக் கப்பல்களில் உள்ள ஒழுங்கு இங்கே தானாகவே இருந்தது. யுத்த காலத்தில் வாவியின் எழுவான்கரை ஓர் ஆட்சி, படுவான்கரை வேறோர் ஆட்சி. ஒரே நாட்டுக்குள், ஒரே வாவியில், சின்னப் பாதையில் ஏறினால் எல்லை கடந்தாகிவிடும். வயல் அக்கரையில் இருந்தவர்கள் விதைநெல்லையும் டீசலையும் இரண்டு தரப்புக்கும் கணக்குக் காட்டி ஏற்றினார்கள். கொழும்புக்கு அரிசி கொண்டுபோன லொறிகளின் மூட்டைகளைச் சோதனைச் சாவடியில் முழுவதும் இறக்கி, முழுவதும் ஏற்றினார்கள். பஸ்ஸில் போனால் இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, நட, அந்தப் பக்கம் போய் ஏறு. 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சோதனை என்ற பெயரில் நகையும் பணமும் பறிபோயின. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டு வெடித்ததை எங்கள் ஊர் ஆயுளுக்கும் மறக்காது. அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்கள் ஊர் மக்களே. இருந்தும், பிறகு வந்த மாதங்களில் எங்கள் பெண்கள் எத்தனை வாசல்களில் எப்படி நின்றார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

இந்தப் பின்னணியோடு ஒருவர் காங்கேசன்துறை வாசலில் பையைத் திறக்கும்போது கை நடுங்குகிறது. என் உம்மாவின் கை நடுங்கியது. கேட்டது மருந்துச் சீட்டை மட்டும்தான். அவர் பழக்கத்தில் அடையாள அட்டை, பிறப்புச் சான்று, வாப்பாவின் மரணச் சான்று எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார். சுனாமியில் காகிதம் எல்லாம் போய், பிறகு ஒவ்வொன்றாக அலைந்து எடுத்தவர் அவர். எந்தப் பயணத்திலும் அந்தப் பை அவர் மடியை விட்டு இறங்காது.

வாகனக் கப்பல் என்றாவது வரும். காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புதுப்பிக்க இந்தியா 61.5 மில்லியன் டொலர் கொடை தர ஒப்புக்கொண்டிருக்கிறது. துறைமுகம் கட்டுகிறவர்கள் அலைதடுப்பைப் பற்றியும் ஆழத்தைப் பற்றியும் பேசுவார்கள். சோதனைக் கூடத்தைப் பற்றியும் இப்போதே பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள். என்ன கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்ற பட்டியல் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே தமிழில் இருக்கட்டும். வண்டியைத் திறக்கும்போது உரிமையாளர் பக்கத்தில் நிற்கட்டும். பெண்களைச் சோதிக்கப் பெண் அதிகாரியும் ஒரு மறைவும் வேண்டும். ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால் அதற்கு ஒரு பற்றுச்சீட்டு. வண்டியைத் தடுத்து வைத்தால் எதற்காக, எத்தனை மணித்தியாலம் என்று எழுத்தில். இவற்றில் ஒன்றுகூடக் கள்ளனைப் பிடிப்பதற்குத் தடையாக இராது.

பாதுகாப்புச் சோதனை என்றால் ஆளைச் சோதிப்பது மட்டும்தான் என்ற நினைப்பும் போக வேண்டும். 1987 மார்ச் 6இல் பெல்ஜியத்தின் ஸீப்ரூகா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ஹெரால்ட் ஒஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற வாகனக் கப்பல் முன்வாசலை அடைக்காமலே ஓடி, வெளியே வந்த சில நிமிடத்தில் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டார்கள். கப்பலின் கதவைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. நம் கிண்ணியாவில் 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணிப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். வண்டியின் எடையை அளந்தார்களா, சக்கரத்தைச் சங்கிலியில் பிணைத்தார்களா, உயிர்காப்பு அங்கி போதுமா என்று பயணியும் கேட்கலாம். அது பயணி செய்யும் சோதனை.

ஒலுவில்லை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. எங்கள் கரையிலேயே ஒரு துறைமுகம் உண்டு. துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அது. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். வாயை மண் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, வணிகக் கப்பல் வரவில்லை. வந்திருந்தால் கல்முனை வேன் ஓர் இரவு முழுக்க வடக்கே ஓடியிருக்க வேண்டியதில்லை.

நாகூரில் ஐந்து மினாராக்களையும் பார்த்துவிட்டு நாங்கள் திரும்பிய அன்று காங்கேசன்துறையில் சுங்க அதிகாரி உம்மாவின் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு சந்தனப் பொட்டலமும் பேரப்பிள்ளைகளுக்கு வளையலும் இருந்தன. பார்த்துவிட்டு அவரே பையின் சிப்பை இழுத்து மூடி, "போயிட்டு வாங்கம்மா" என்றார். உம்மா காகிதப் பையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

வாசலுக்கு வெளியே வேன் நின்றது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்த றைவர் பின்கதவைத் திறந்து பாயை விரித்துப் பிளாஸ்கில் தேத்தண்ணி வைத்திருந்தார். கப்பலில் நான் கார்னே பற்றிச் சொன்னதெல்லாம் உம்மாவுக்கு நினைவில் இருந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு றைவரிடம் சொன்னார்: "மகன், வேனுக்கும் ஒரு பாஸ்போட் எடுக்க ஏலுமாம்."

"லீசிங் முடிய இன்னும் 2 வருசம் இருக்கு உம்மா" என்று சொல்லி அவர் பின்கதவைச் சாத்தினார்.